அண்ணன் முகமும் ஓடைப் பாலமும்

மாப்ள,

இன்று காலை மெஷினிலிருந்து முதலில் அவருடைய நெற்றிதான் வெளியே வந்தது. பிளெக்ஸ் அடிக்கும்போது எப்போதும் அப்படித்தான். நெற்றி வரும், பிறகு கண், பிறகு மீசை, கடைசியில் கும்பிட்ட கை. மை வாடை கடை முழுக்க ஏறிக்கொண்டிருந்தது. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏலே, பெட்ரோல் பங்குக்குள்ள குடியிருக்க மாதிரி இருக்கு, எப்படித்தான் இங்க உக்காந்து சோறு திங்க?" என்று கேட்டிருப்பாய். இன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. மில்லுக்குப் போகிற வழியில் உள்ள அந்த ஓடைக்குப் புதுப் பாலம் கட்டி முடித்துவிட்டார்கள். திறந்து வைக்க நம் எம்.எல்.ஏ. அண்ணனேதான் வருகிறார்.

ஆர்டர் கொண்டுவந்தவர் அவருடைய ஆள் குருசாமி. ராஜபாளையத்தில் அண்ணன் பெயரில் நடக்கும் பிறந்தநாள், அன்னதானம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் பிளெக்ஸ் சொல்ல வருகிற அதே குருசாமி. "பாய், படம் புதுசா வேண்டாம். பழைய பாலத்துக்கு அடிச்சோம்லா, அதே இருக்கட்டும். கலர மட்டும் மாத்திருங்க" என்றார். அண்ணன் கட்சி மாறிவிட்டார் அல்லவா, அதனால் கலர் மாற வேண்டும். வேட்டிக்கரையையும் துண்டையும் மாற்றினேன். சிரிப்பை மாற்றும்படி யாரும் சொல்லவில்லை.

பழைய பாலத்துக்கு அந்தப் படத்தை அடித்தபோது நீ என் கடையில்தான் உட்கார்ந்திருந்தாய். மில் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்திருந்தாய். உனக்கு அன்று அம்புட்டு சந்தோஷம். "இனிமே ஓடையில இறங்கி ஏற வேண்டாம் மாப்ள. நைட் ஷிப்ட் முடிச்ச பிள்ளைக நிம்மதியா தூங்கிக்கிட்டே வரும்" என்றாய். அண்ணனின் மச்சினர்தான் காண்டிராக்ட் எடுத்தவர் என்று நான் சொன்னேன். "யாரு கட்டுனா என்ன, பாலம் நின்னாச் சரி" என்று சிரித்தாய்.

அது நிற்கவில்லை. முதல் பெருமழையிலேயே, காலை ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு நீ பாதிப் பாலம் கடந்திருந்தபோது, பின் சக்கரத்துக்கு அடியில் ஓரம் இடிந்து விழுந்தது. பஸ் ஓடைப் பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடியை உடைத்து ஒவ்வொருத்தியாக வெளியே இழுத்துவிட்டவன் நீ. உன் கையிலும் தையல். உயிர்ச்சேதம் இல்லை, கர்த்தருக்கு நன்றி என்று நீ சொன்னாய், அல்லாவுக்கு என்று நான் சொன்னேன். ஆனால் ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்து, அவள் திரும்ப மில்லுக்குப் போகவே இல்லை.

ஒரு வாரம் டிவியில் நம் ஓடைதான். சிமெண்டைக் கையால் உதிர்த்துக் காட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மறியல் செய்தார்கள், அந்தப் பேனரும் என் கடையில் அடித்ததுதான். தவறு செய்தவர் யாராக இருந்தாலும் சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று அண்ணன் மைக் முன்னால் சொன்னார். அடுத்த வாரம் வேறு ஊரில் இதைவிடப் பெரிய ஊழல் கிளம்பியது. நம் ஓடையில் நின்ற கேமராக்கள் அங்கே போய்விட்டன. விசாரணை கிணற்றில் போட்ட கல்.

கடைசியில் பிடிபட்டவன் நீ ஒருவன்தான். அதிவேகம், கவனக்குறைவு. லைசென்ஸ் போனது, மில் வேலை போனது. "சட்டம் கடமையைச் செஞ்சிருச்சுலே, என்னையப் பிடிச்சிருச்சு" என்று நீ சொன்னாய். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வருவேன். உன் பெயரைக் கூப்பிடுவார்கள், நீ போய் நிற்பாய், வேறு தேதி சொல்வார்கள். வெளியே வந்ததும் என் பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கிக் கையில் திணிப்பாய். வேலை இல்லாதவன் எதற்கு வாங்குகிறாய் என்று திட்டினால், "உன் பிள்ளைக என் கேஸு முடியவே கூடாதுன்னு துஆ கேக்கப் போவுது, பாத்துக்கோ" என்பாய். சிரித்து முடித்த பிறகு ஒருநாள் மெதுவாகக் கேட்டாய். "ரோட்டைப் பாத்து ஓட்டுதேன் மாப்ள. ரோட்டுக்கு அடியில என்ன கெடக்குன்னு நான் எப்படிலே பாக்க?"

அடுத்த வாய்தாவுக்கு நீ இல்லை. நெஞ்சுவலி என்றார்கள். எனக்குத் தெரியும், அது வெறும் நெஞ்சுவலி இல்லை.

உன் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை நான்தான் அடித்தேன். அன்றும் குருசாமி வந்தார். "மேல அண்ணன் படம் ஒண்ணு போட்டுருங்க பாய். அஞ்சலி செலுத்துற மாதிரி." எனக்கு வந்ததே கோபம். "இவனுக்கு மேல அவர் படம் வராது. வேணும்னா வேற கடையில அடிச்சுக்கோங்க" என்றேன். அவர் கத்தவில்லை. "சரி பாய்" என்று போய்விட்டார். அதன் பிறகு கடை லைசென்ஸ் கேட்டு ஒருவர், கரண்ட் கனெக்‌ஷன் பார்க்க ஒருவர், போர்டு ரோட்டில் நீட்டியிருக்கிறது என்று ஒருவர். எந்தக் கட்சி ஆர்டரும் வரவில்லை. மெஷினுக்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது. வேலைக்கு இருந்த இருவரையும் நிறுத்தினேன். கடைசியில் நானே குருசாமியைத் தேடிப் போய் நின்றேன். இப்போது சொல், இன்றைக்கு அந்த நெற்றியை அடிக்காமல் நான் என்ன செய்ய?

உன் கேஸ் முடிந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் முடித்துவைத்தார்கள். அவன் குற்றமற்றவன் என்று ஒரு வார்த்தை வாங்க முடியாதா என்று வக்கீலிடம் கேட்டேன். "ஆளே இல்லையே பாய், யாரை விடுதலை பண்ண?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, உண்மையைத்தான் சொன்னார். ஓட்டுப் போட்டு மாற்றலாம் என்று நாம் இருவரும் டீக்கடையில் எத்தனை பேசியிருக்கிறோம். நாம் கட்சியை மாற்றுவதற்குள் அவர் மாறிவிடுகிறார், மாப்ள. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நெற்றி, அதே மீசை.

மத்தியானம் பிளெக்ஸ் காய்ந்துகொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரி ஜெசிந்தா கடைக்கு வந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். தரையில் விரித்திருந்த அந்த முகத்தைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அவிய படம் போட்டு ஒண்ணு அடிக்கணும்ணே" என்றாள். சரிம்மா என்றேன். "படத்துக்குக் கீழ, அவிய மேல தப்பு இல்லன்னு ஒரு வரி போடணும்."

என் கை மவுஸ் மேலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் பாலத் திறப்பும். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் தெரு முக்கு வழியாகத்தான் அண்ணன் கார் போகும். அங்கே அந்த வரி தொங்கினால் யார் அடித்தது என்று குருசாமி ஒரு நொடியில் சொல்லிவிடுவார். இதையெல்லாம் நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெருசா வேண்டாம்ணே" என்றாள். "வீட்டுக்குள்ள மாட்டுற அளவு போதும். பிள்ளைக பாத்தாப் போதும்."

ஒரு மனுஷன் தப்புச் செய்யவில்லை என்பதை அவன் வீட்டுக்குள் ஒளித்து மாட்ட வேண்டியிருக்கிறது. அடித்துக் கொடுத்தேன். சேலைத் தலைப்பால் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினேன். அதே வரியை, மெஷின் அகலம் முழுக்க, ரோட்டில் போகிறவன் எவனும் வண்டியை நிறுத்தாமலே படிக்கிற அளவில் ஒன்று அடித்தேன். உன் முகமும் நெற்றியிலிருந்து மெதுவாகத்தான் வந்தது. காய்ந்ததும் சுருட்டி, பழைய பேனர்களுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்.

அடித்துவிட்டேன், மாப்ள. கட்டத்தான் இன்னும் கை வரவில்லை.