கோழிகள் கொத்தாத காலை

பிப்ரவரி 26

ஆற்றில் பனி உடைந்துவிட்டது. காலையிலிருந்து டான்யூப் முழுக்கப் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன. தச்சர்கள் படகுகளைத் தண்ணீருக்கு இழுத்தாயிற்று. படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்டால் பாலம். பாலம் முடிந்தால் போர். நடத்த வேண்டியவன் இந்த எல்லைப் படையின் தளபதி நூமீசியஸ், அதாவது நான். வேண்டாம் என்று ரோமில் தொண்டை கிழியக் கத்தியவனும் நான்தான்.

சவரம் செய்துகொண்டே தாலஸ் கேட்டான்: "குதிரை மேல ஏறவே ரெண்டு ஆள் வேண்டியிருக்கு. உங்களுக்கு எதுக்குய்யா சண்டை?"

என் அடிமையாக இருந்தவன், விடுதலை செய்து எத்தனையோ வருடமாயிற்று. போகவும் மாட்டேன் என்கிறான், வாயை மூடவும் மாட்டேன் என்கிறான்.

"அதைத்தான்டா நானும் கேக்கறேன். கத்தியப் பாத்துப் பிடி."

மார்ச் 1

சக்கரவர்த்தி வந்து சேர்ந்தார். கொம்பு ஊதி, கொடி தாழ்த்தி, எல்லா மரியாதையும் நடந்தது. கூடவே வால்கியஸும் வந்திருக்கிறான். போன வருடம் கிழக்கே ஜெயித்த தளபதி. அந்தத் தலைக்கனம் இன்னும் இறங்கவில்லை. "உங்க கூடாரம் சூடா இருக்குமே, வயசானவங்க இருக்கிற இடம்" என்றான். சிரித்துவைத்தேன்.

எல்லோரும் போனதும் சக்கரவர்த்தி என் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். மேலங்கி மடிப்புக்குள் கைவிட்டு வறுத்த கொண்டைக்கடலையை எடுத்து வாயில் போட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேர்ப்பந்தயம் பார்க்கப் போகும் கூலிக்காரர்கள் கொறிக்கிற கடலை! பதினாறு வயதில் இருவரும் ஒரே கூடாரத்தில் படுத்திருந்த காலத்துப் பழக்கம். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று இப்போது ஒளித்துச் சாப்பிடுகிறார். அரண்மனையில்கூட யாருக்கும் தெரியாதாம்.

"இன்னுமா இதை விடலை?"

"நீ முணுமுணுக்கறத விட்டியா? இந்தா, ரெண்டு எடுத்துக்க."

மார்ச் 2

ஆலோசனைக் கூட்டம். குளிர்காலத்தில் அக்கரை மக்கள் உறைந்த ஆற்றின்மேல் நடந்து வந்து நம் தானியக் கிடங்கு ஒன்றைச் சூறையாடினார்கள். அதற்குத் தண்டனையாக அவர்கள் ஊர்களை எல்லாம் எரிக்க வேண்டும் என்கிறான் வால்கியஸ்.

எழுந்து சொன்னேன்: அவர்கள் பொன்னைத் தொடவில்லை, ஆயுதக் கொட்டடியைத் தொடவில்லை. கோதுமையை மட்டும் எடுத்துப் போனார்கள். பசி. இக்கரையில் தரிசு நிலம் எவ்வளவோ கிடக்கிறது. அழைத்துக் குடியமர்த்தினால் உழுவார்கள், அவர்கள் பிள்ளைகள் நம் படையில் சேருவார்கள். எரித்தால் மறு குளிர்காலத்தில் மிச்சம் இருப்பவன் கத்தியோடு வருவான்.

"தளபதிக்கு அவங்க மேல ரொம்பக் கரிசனம்" என்றான் வால்கியஸ். சிலர் சிரித்தார்கள்.

சக்கரவர்த்தி என்னைப் பார்க்கவே இல்லை. "போர்னு ரோம்ல அறிவிச்சாச்சு. பாலம் முடிஞ்சதும் கடக்கறோம்" என்றார்.

இத்தனை வருடத்தில் என் பேச்சை இவர் தட்டியதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முகம் பாராமல் தட்டியது இதுதான் முதல் தடவை. வலிக்கிறது.

மார்ச் 5

பாலத்தின் முனைவரை அவரை அழைத்துப் போனேன். இன்னும் ஐந்தாறு படகு கட்டினால் அக்கரை. எதிரே ஆற்றோரம் பெண்கள் சேற்றைக் கிளறி ஏதோ கிழங்கு தேடிக்கொண்டிருந்தார்கள். நம்மைப் பார்த்தும் ஓடவில்லை. ஓடத் தெம்பு இல்லை என்று நினைக்கிறேன். ஒருத்தி கிழங்கின் மேலிருந்த மண்ணைக்கூடத் துடைக்காமல் கடித்தாள்.

சக்கரவர்த்தி அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாக்குக் குடுத்துட்டேன் நூமீசி. இப்ப பின்வாங்கினா வால்கியஸ் பின்னாடி நிக்கிற படை என்ன பண்ணும்னு உனக்கே தெரியும்."

தெரியும். கோழை என்று சொல்லும். அதற்குப் பிறகு ஒரு சக்கரவர்த்தி அதிக நாள் இருப்பதில்லை.

மார்ச் 7

பாலம் முடிந்தது. நாளைக் காலை கோழிச் சகுனம் பார்த்துக் கடக்க வேண்டும்.

கோழிக் கூண்டுப் பக்கம் போனேன். காப்பாளன் விபியஸ் வாசலில் உட்கார்ந்து கோழிகளோடு பேசிக்கொண்டிருந்தான். படை எங்கே போனாலும் இந்தக் கோழிகளும் கூட வரும். புறப்படும் காலையில் முன்னால் மாவுருண்டையைப் போட்டு, கொத்தித் தின்றால் தேவர்கள் சம்மதம், தின்னாவிட்டால் ஒருவனும் அடி எடுத்துவைக்கமாட்டான். முதல் நாளே பட்டினி போட்டுவிடுவதும் காப்பாளன் வேலையில் சேர்த்தி. அதைப் பற்றி எந்தத் தளபதியும் கேட்பதில்லை, எந்தக் காப்பாளனும் சொல்வதில்லை.

"பசியில என்னையே கொத்துதுங்கய்யா" என்று கையைக் காட்டினான். "நாளைக்குப் பாருங்க, மாவு தரையில விழறதுக்குள்ள காணாமப் போயிடும்."

அவனுக்குப் பெருமை. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மார்ச் 8

தின்னவில்லை!

படை முழுக்க அணிவகுத்து நிற்க, விபியஸ் கூண்டைத் திறந்தான். கோழிகள் ஆடி அசைந்து வெளியே வந்தன, விருந்து முடிந்த செனட்டர்கள்போல. மாவுருண்டையை ஒரு கோழி முகர்ந்தது, தாண்டிப் போயிற்று. இன்னொன்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. விபியஸின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். "பா... பா..." என்று கெஞ்சினான். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் சட்டப்படி அறிவித்தான்: "கோழிகள் கொத்தவில்லை."

கேடயங்கள் தரையில் இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாரும் உத்தரவிடவில்லை. அவர்களாகவே இறக்கினார்கள்.

எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. முகத்தில் காட்டாமல் இருக்கப் பட்ட பாடு!

மார்ச் 9

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

வால்கியஸ், குடலைப் பார்த்துக் குறி சொல்லும் பூசாரியை அழைத்து, ஒரு கோழிக்கு நோயா என்று அறுத்துப் பார்க்கச் சொன்னான். எல்லோர் முன்னாலும் அறுத்தார்கள். இரைப்பை பந்துபோல இருந்தது. பூசாரி கீறினான்.

கொண்டைக்கடலை. வறுத்த கொண்டைக்கடலை, முழுசு முழுசாக.

"இது கோழித் தீனி இல்லையே" என்றான் வால்கியஸ். "யாரோ வேணும்னே வயித்த நிரப்பியிருக்காங்க. இந்தப் போர் யாருக்குப் பிடிக்கலையோ அவங்க." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். படை முழுக்கத் திரும்பியது.

கூண்டுக் காவலர்களை விசாரித்தார்கள். விடிவதற்கு முன் கூண்டுப் பக்கம் யாரும் வரவில்லையாம். பக்கத்துப் பலிபீடத்தில் தனியாக வணங்கச் சக்கரவர்த்தி வந்துபோனதைத் தவிர.

ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். சக்கரவர்த்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஏட்டில்கூட அதற்கு மேல் எழுதமாட்டேன்.

மார்ச் 10

என் கூடாரத்துக்கு வெளியே காவல். பாதுகாப்புக்காம். விபியஸைக் கட்டிவைத்திருக்கிறார்கள். நாளைச் சபையில் அவனை அடித்துக் கேட்கப்போகிறார்களாம். அவன் வாயிலிருந்து என் பெயர் வர வேண்டும், வால்கியஸுக்கு அவ்வளவுதான் தேவை.

தாலஸ் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதான். "நீங்க செய்யலைன்னு எனக்குத் தெரியும்யா. செஞ்சது யாருன்னும் உங்களுக்குத் தெரியும், மூஞ்சியில எழுதியிருக்கு. சொல்லித் தொலைங்களேன்!"

சொன்னால்? தேவர்களை ஏமாற்றியவர் என்று படையே அவர்மேல் பாயும். பாலம் இருக்கிறது, வால்கியஸ் இருக்கிறான், அக்கரையில் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

ஆனா இவன் ஏன் வாயத் திறக்கமாட்டேங்கிறான்? என் கழுத்துக்குக் கத்தி வருது, பாத்துட்டு சும்மா நிக்கிறானே. ஒரே போர்வைல படுத்தவன்டா நான். — போதும். சக்கரவர்த்தியை இப்படி எழுதக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 11

சபை. விபியஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாட்டைக்காரன் அங்கியின் கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவன் என் படையைச் சேர்ந்தவன்," என்றேன். "இந்தப் பாளையத்துல எது நடந்தாலும் பொறுப்பு என்னோடது. அடிக்கணும்னா என்ன அடிங்க."

"அப்ப ஒத்துக்கறீங்களா?" என்றான் வால்கியஸ்.

"இல்லை. நான் தீனி போடலை."

சக்கரவர்த்தி கேட்டார்: "யார் போட்டாங்கன்னு தெரியுமா, தளபதி?"

அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். "தெரியும். சொல்லமாட்டேன்."

ஒரே கூச்சல். வால்கியஸ் மேசையைத் தட்டினான். சக்கரவர்த்தி எழுந்ததும் அடங்கியது. மெதுவாக நடந்து பலிபீடத்தருகே போய், அதன்மேல் கையை வைத்தார்.

"காப்பாளன் அறிவிச்சது என்ன? கோழிகள் கொத்தலைன்னு. படை முன்னாடி அறிவிச்ச சகுனம் படையைக் கட்டுப்படுத்தும். நம்ம முன்னோர் முறை அது, நான் மாத்தமுடியாது. பொய்யா சகுனத்தை உண்டாக்கினவன் யாரோ, தேவர்களோட கோபம் அவன் தலையில மட்டும் விழட்டும். படை மேல விழ வேண்டாம். இந்தக் கல்லைத் தொட்டுக் கேட்கறேன். விபியஸை அவிழ்த்துவிடுங்க. இந்த வருஷம் கடக்கறதில்லை."

படைவீரர்கள் ஆம் என்று கேடயத்தைத் தட்டினார்கள். முன்னோர் முறை என்றபின் வால்கியஸால் வாய் திறக்க முடியவில்லை.

அந்தச் சாபம் யார் தலையில் இறங்கியது என்று அங்கே இரண்டே பேருக்குத்தான் தெரியும். நேற்று எழுதியதெல்லாம்... சே.

மார்ச் 12

பாலத்தில் நடக்கலாமா என்று ஆள் அனுப்பினார். காவலர்களைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"சொன்னா ஒத்துக்குவியா? தேவர்களை ஏமாத்தறது தப்புன்னு ஒரு நாள் பூரா பேசுவே. நீ போர் வேண்டாம்னு சொல்றவன்தான், ஆனா ஒழுங்கா வேண்டாம்னு சொல்லணும் உனக்கு."

உண்மைதான்.

"ரெண்டு நாளா தூங்கலை," என்றார். "நீ காட்டிக்குடுப்பியான்னு இல்லை. காட்டிக்குடுக்கமாட்டேன்னு தெரியும். அதனாலதான் தூங்கலை. விபியஸ் மேல முதல் அடி விழுந்திருந்தா நானே எழுந்து சொல்லியிருப்பேன்."

"அந்தச் சாபம்... பயமா இல்லையா?"

"பயம்தான்." அக்கரையைக் கையால் காட்டினார். "அந்தப் பொம்பளை கிழங்கைக் கடிச்சாளே, அதுக்கப்புறம் கடலை இறங்கவே இல்லடா. மடியில இருந்ததெல்லாம் கோழிக்குப் போச்சு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சக்கரவர்த்தியின் குரலில், "அக்கரைக்குத் தூது அனுப்பு. உன் தரிசு நிலத்தைப் பத்திப் பேசு" என்றார்.

மார்ச் 13

குதிரை ஏறவிடாத முழங்கால் வலி இன்று இல்லை. தாலஸ், தான் தேய்த்த எண்ணெய்தான் காரணம் என்கிறான்.

மார்ச் 17

அக்கரைத் தலைவன் தர்பஸ் வந்தான். நடுப் பாலத்தில் சந்தித்தோம். எலும்பும் தோலுமாக ஒரு மலை. வியாபாரிகளிடம் கற்ற நம் மொழியை உரக்கப் பேசுகிறான்.

"நிசமா கோழி சாப்பிடாததாலதான் வரலையா?"

"நிசம்தான்."

"எங்க ஊர்ல ஒரு கோழிகூட மிச்சமில்லை, எல்லாத்தையும் தின்னுட்டோம். உங்க ஊர் கோழி எங்களைக் காப்பாத்துது!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. திரும்பி நின்றுகொண்டான். நானும் ஆற்றைப் பார்த்தேன்.

நிலத்துக்குச் சம்மதம். முதல் அறுவடைவரை நம் கிடங்கிலிருந்து கோதுமை. அவன் பிள்ளைகள் இருவர் நம் குதிரைப் படைக்கு.

மார்ச் 20

சக்கரவர்த்தி தெற்கே புறப்பட்டார். வால்கியஸைக் கூடவே அழைத்துப் போகிறார், கண் பார்வையில் இருக்கட்டும் என்று. விடைபெறும்போது எல்லோர் எதிரிலும் என்னைக் கட்டிக்கொண்டார். மரியாதைக்கு அது கொஞ்சம் அதிகம். படை ஆரவாரம் செய்தது.

ஏப்ரல் 3

போருக்குக் கட்டிய பாலம் நாள் முழுக்கக் கிறீச்சிட்டது. வண்டிகள், மாடுகள், கிழவர்கள், கைக்குழந்தைகள். நம் வீரர்கள் முதலில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வண்டிச் சக்கரம் பலகையில் மாட்டியதும் கேடயத்தைப் போட்டுவிட்டுத் தோள் கொடுத்தார்கள். பிறகு அதுவே வேலையாகிவிட்டது.

வந்தவர்களில் சேறு கிளறிய அந்தப் பெண்ணைத் தேடினேன். அடையாளம் தெரியவில்லை. வந்திருப்பாள்.

ஏப்ரல் 22

சக்கரவர்த்தியிடமிருந்து ஒரு மூட்டை. முத்திரை உண்டு, கடிதம் கிடையாது. தாலஸ் அவிழ்த்தான். கொண்டைக்கடலை!

ஒன்றை வாயில் போட்டேன், பல் உடையப் பார்த்தது. வறுக்காத கடலை.

"வறுத்துத் தரட்டாங்கய்யா?" என்றான் தாலஸ்.

"தொட்டே, கையை உடைப்பேன்" என்றேன். மூட்டையைத் தர்பஸின் வீட்டுக்கு அனுப்பினேன். உழுத நிலம் அவர்களிடம்தான் இருக்கிறது.

மே 14

முளைத்துவிட்டது. காலையில் குதிரையில் போய்ப் பார்த்தேன். ஏறுவதற்கு ஒரு ஆள்தான் தேவைப்பட்டான். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன இலை, தர்பஸின் மனைவி களை பறித்துக்கொண்டிருந்தாள். சக்கரவர்த்தி நலமாக இருக்கிறார் என்று நேற்றுத்தான் செய்தி வந்தது. தேவர்கள் இன்னும் அந்தத் தலையைத் தேடவில்லை போலிருக்கிறது. அல்லது தேடிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

வரும் வழியில் விபியஸைக் கூப்பிட்டு, அந்த வயல் பக்கம் வேலி போடச் சொன்னேன். நம் கோழிகளுக்கு ருசி பழகிவிட்டது.