பேனாவில் கோளாறு இல்லை

மஹ்ஜபீன்,

எழுப்ப மனம் வரவில்லை. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்காரர் ஒன்பது மணிக்கு வந்தால், நீ வரையும் பூவேலை நாளைக்குத்தான் முடியும் என்று சொல்லிவிடு.

லேப்டாப்பை நேற்றுச் சாயங்காலமே சரிசெய்துவிட்டேன். படம் வரையும் சாஃப்ட்வேரின் செட்டிங்கில், திரையில் வரையும் பேனாவின் அழுத்தத்தை உணரும் வசதி அணைந்து கிடந்தது. அதனால்தான் அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை. உள்ளங்கை பட்டுக் கீறல் விழாமலிருக்க, விரல் தொடுவதையும் நிறுத்தி வைத்தேன். அப்புறமும் உனக்குக் கோடு நடுங்கியது. "ஓட்டைப் பொருள வாங்கியாந்து என் தலையில கட்டிட்டீங்க" என்று கத்தினாய். நான் வாயே திறக்கவில்லை.

காலையில் நானே வரைந்து பார்த்தேன். பிள்ளையும் வரைந்தாள். இரண்டு பேருக்கும் கோடு நேராக வந்தது. பிறகு நீ எழுதித் தந்த மளிகைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ரம்ஜானுக்குப் பிறகு எழுதியதெல்லாம் நடுங்குகிறது.

நேற்றுப் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை, பயத்தில்.

நரம்பு டாக்டரிடம் டோக்கன் போடப் போகிறேன். பத்து மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன்.

இஷாக்

இதைப் படித்ததும் பேனாவைக் கையில் எடுப்பாய், தெரியும். தனியாக வரைந்து பார்க்காதே. நான் வந்துவிடுகிறேன்.