நிமிர்ந்து நின்ற மணல்

நவ. 8, திங்கள்

காலை முதல் மூடுபனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. மின்சாரம் 10.20க்கு. கம்ப்யூட்டரில் ஈரப்பதம், துணியால் துடைத்து இயக்கம்.

வேலை: நாகலூர் எஸ்டேட் குளக்கரையின் நீர்க்கசிவுக் கணக்கை மீண்டும் ஓட்டுவது. கரை பாதுகாப்பானது என்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்து இரண்டு வாரம் ஆயிற்று. மறுகணக்கை எவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பஸ் நிலையத்தில் பழனியம்மாள் மறித்தார். காபி பறிப்பவர், கரைக்குக் கீழே தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருப்பு. அடுப்படித் தரை ஊறுகிறது என்றார். மலையில் ஊற்று இல்லாத இடமேது, கம்ப்யூட்டரில் பார்த்தாயிற்று என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அதுவே உறுத்துகிறது.

கணக்குப் பொதி, அதாவது விலைக்கு வாங்கிய சாஃப்ட்வேர், தானாக ஓட்டினால் நான்கு மணி நேரம். ஆகவே செப்டம்பரில் கசிவைக் கணக்கிடும் பகுதியை மட்டும் சி மொழியில் நிரலாக எழுதி, எடிட்டரின் நீலத்திரையிலேயே கம்பைல் செய்து, பொதியுடன் இணைத்தேன். பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம். நாற்பது நொடியில் விடை. அன்று மகிழ்ச்சியில் பஜ்ஜி வாங்கித் தின்றேன்.

இன்று பழைய, மெதுவான முறை. பாதியில் மின்சாரம் போயிற்று.

நவ. 9, செவ்வாய்

மழை. மெதுவான கணக்கு 3.15க்கு முடிந்தது. இரு விடைகளும் ஒன்றல்ல.

காரணம் அறிய இருபது நிமிடம். பொதி, மண் அடுக்குகளின் அட்டவணையை நெடுக்குவாட்டில் அடுக்குகிறது. என் நிரல் அதைக் குறுக்குவாட்டில் படித்திருக்கிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, சதுரம். ஆகவே எங்கும் முட்டிப் பிழை காட்டவில்லை. சோதனைக்கு நான் கொடுத்ததோ சமச்சீர் அட்டவணை. புரட்டிப் போட்டாலும் அதுவே. முதலாண்டு மாணவன் இதைச் செய்திருந்தால் விடைத்தாளை முகத்தில் எறிந்திருப்பேன். எறிந்தும் இருக்கிறேன்.

விளைவு: கரைக்கடியில் கிடையாகக் கிடக்கும் மணல் அடுக்கு, என் கணக்கில் நிமிர்ந்து நின்று, கரைக்கு நடுவே அருமையான வடிகாலாகிவிட்டது. உண்மையில் அந்த மணல் வழியே தண்ணீர் நேரே பழனியம்மாளின் அடுப்படிக்குப் போகிறது.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், பிரிண்டர் ரிப்பன், தீப்பெட்டி.

நவ. 10, புதன்

நாகலூர். மேனேஜர் காபி கொடுத்தார், குடிக்கவில்லை. மூன்று கோரிக்கைகள்: மதகைத் திற. கரைக்குக் கீழுள்ள பதினோரு வீடுகளைக் காலி செய். என் அறிக்கையைத் திருப்பிக் கொடு.

"ஏனுங்க சார், கையெழுத்து நீங்க போட்டதுதானுங்களே? பழம் எடுக்கற நேரத்துல கொளத்தத் தொறந்து உட்டுட்டு, பழத்தோல் உரிக்கற பல்பர் மிசினுக்குத் தண்ணிக்கு நான் எங்கீங்க போவேன்?"

பிறகு அறிக்கையை எடுத்தார். கசியும் நீர் தெளிவாக வரும்வரை அச்சமில்லை, மண் கலந்து வந்தால் கரை உள்ளேயே கரைகிறது என்று பொருள்: என் வாக்கியத்தை எனக்கே படித்துக் காட்டினார். தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறதாம். நன்றி சொல்லி எழுந்தேன்.

பழனியம்மாளிடம் கணக்கு தவறு, தவறு என்னுடையது என்றேன்.

"உங்க மிசினு இப்பத்தான் எங்க ஊட்டுத் தரையப் பாத்துச்சுங்களா சார்?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தனர். சிரிக்க வேண்டியதுதான். வீட்டை விட்டுவிடுங்கள் என்றேன். எங்கே போவது என்று கேட்டார். மேட்டிலிருக்கும் காபி குடோனின் சாவி மேனேஜரிடம். தண்ணீர் கலங்கினால் உடனே சொல்லி அனுப்பும்படி மட்டும் சொன்னேன்.

நவ. 11, வியாழன்

மழை விடவில்லை. நிரலில் இரண்டு எழுத்துகளின் இடத்தை மாற்றினேன். கம்பைல். பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம். அன்றும் இதையேதான் சொல்லிற்று. இம்முறை சதுரமல்லாத அட்டவணையால் சோதனை. மெதுவான விடையோடு பொருந்துகிறது. கரை தாங்காது.

தாசில்தாருக்குப் பதிவுத் தபால். குமாஸ்தா: "மழை நின்னாத்தானுங்க தபால் எறங்கும்."

நவ. 12, வெள்ளி

முதல் பஸ்ஸில் பழனியம்மாள். பையிலிருந்து ஒரு பிராந்தி பாட்டில்.

"ஊட்டுக்காரரோடதுங்க. நொம்பக் கழுவித்தான் புடிச்சேன்."

உள்ளே தேநீர் நிறத்தில் தண்ணீர். விடியற்காலை அடுப்படியில் பிடித்தது. பதினோரு குடும்பங்களும் குடோன் பூட்டை உடைத்து உள்ளே போய்விட்டன. மதியத்துக்குள் வீடு திரும்பாவிட்டால் வேலை இல்லை என்கிறார் மேனேஜர். மதகு இன்னும் மூடியே இருக்கிறது.

"இது போதுமுங்களா சார்?"

போதும் என்றேன். திருத்திய கணக்கை அச்சிட அரை மணி. உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசலில் நிற்கிறார்.

மேசையில் பாட்டில். மண் ஒரு விரற்கடை அடியில் தங்கிவிட்டது. மேலே தண்ணீர் கண்ணாடிபோல. மேனேஜர் மேலே உள்ளதைத்தான் பார்ப்பார்.

9.40 பஸ். நாகலூர் வரை குலுக்கிக்கொண்டே போக வேண்டும்.