பெயின்ற் பூசின பிளாஞ்சு

யேசு மரி சூசை துணை

தாழ்வுபாடு,
02.09.1982

அன்பு மகன் எமிலுக்கு,

அப்பா எழுதுறது. நீ குவைத்தில தேக சுகத்தோட இருக்க மாதாவை மன்றாடுறம். இங்க நாங்களும் சுகம் எண்டுதான் எழுத வேணும், எல்லாரும் அப்பிடித்தான் எழுதிறவை, ஆனா இந்த முறை எனக்குக் கை வருகுதில்லை. அம்மாவின்ர முழங்கால் நோவு அப்பிடியே கிடக்கு, எண்ணெய் பூசிறா. தங்கச்சி எடித் என்னோட கதைச்சு ஒன்பது நாளாச்சு. சோளகக் காத்து இன்னும் அடங்கேல்ல, வள்ளங்கள் பாதி கரையிலதான். உன்ர கடிதம் திங்கட்கிழமை வந்தது, ரெண்டு தரம் வாசிச்சன். வின்சன்ட் எப்பிடி இருக்கிறான் எண்டு அதில ஒரு வரி இல்லை. அப்பா விசாரணையில வாயைக் குடுக்க வேண்டாம், எடித்தின்ர கலியாணம் குழம்பிப் போகும் எண்டு மட்டும் நாலு இடத்தில எழுதியிருக்கிறாய்.

நீ கேக்காட்டியும் சொல்லுறன். அவனை யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில இருந்து போன கிழமை கொண்டு வந்திட்டினம். இடது கண் போயிட்டுது. வலது கண்ணில வெளிச்சம் தெரியுதாம், ஆள் தெரியாதாம். லூசியா கடைசிப் பிள்ளையை இடுப்பில வச்சுக்கொண்டு புருசனுக்குச் சோறு தீத்துறாள். பதினாறு வருஷம் அந்த ஐஸ் பக்டரியில என்னோட நிண்டு வேலை செய்தவன், எனக்குக் கூடப்பிறவாத தம்பி. நீ சின்னனாக இருக்கேக்க உன்னைச் சைக்கிள் பாரில இருத்திப் பள்ளிக்குடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன். அவனைப் பற்றிக் கேக்க உனக்கு ஒரு வரி கிடைக்கேல்ல.

ஒரு பிளாஞ்சை எப்ப மாத்த வேணும் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ அதுக்கெண்டு படிச்சுச் சேட்டிபிக்கற் எடுத்து அரபிக்காரனிட்டச் சம்பளம் வாங்கிறாய். இருந்தாலும் எழுதுறன், ஏனெண்டா நீ மறந்து போனாய் போல கிடக்கு. ரெண்டு பைப்பைச் சேர்த்துப் பூட்டுற இரும்பு வட்டம் அது. நடுவில ஒழுகாமல் வைக்கிற பக்கிங்கைப் புதுசாப் போட்டும் திரும்ப ஒழுகினா, பிழை பக்கிங்கில இல்லை, இரும்பு அரிச்சுப் போச்சு எண்டு அர்த்தம். ரெண்டு வட்டத்துக்கும் இடையில ஒரு பக்கம் இடைவெளி கூடி மற்றப் பக்கம் குறைஞ்சா அது வளைஞ்சிட்டுது. போல்ட்டின்ர நடு மெலிஞ்சா பிறகு யோசிக்க ஒண்டுமில்லை, மெசினை நிப்பாட்டிக் கழட்டிப் புதுசு போட வேணும். இதெல்லாம் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஐஸ் தொட்டிக்குப் போற குளிர் பைப் எந்த நேரமும் வேர்க்கும், கடல் காத்தில உப்பு வந்து படியும், வெளியால பாக்க ஒண்டும் விளங்காது. வைகாசியில நான் கந்தகத் திரி கொளுத்திப் பிடிச்சுப் பாத்தனான், வெள்ளைப் புகை எழும்பிச்சுது, அமோனியா கசியுது எண்டு அப்பவே தெரியும். பக்கிங்கை ரெண்டு தரம் மாத்தினன். சந்தியோகு முதலாளியிட்டச் சொன்னன். கோயில் திருநாள் முடியட்டும், றால் பிடிக்கிற சீசனில மெசினை நிப்பாட்டேலாது எண்டார்.

எங்கட ஆக்களின்ர பழக்கம் உனக்குத் தெரியும்தானே. கொடியேற முன்னம் எல்லாத்துக்கும் பெயின்ற் அடிக்க வேணும். வள்ளத்துக்கு, படலைக்கு, கிணத்துக் கப்பிக்கு, பங்குச் சுவாமி வந்து மந்திரிக்கிற ஐஸ் பக்டரிக்கும். பழசைச் சுரண்டாமல் வருஷா வருஷம் மேலுக்கு மேல பூசிறதுதான். இந்த முறையும் முதலாளி சில்வர் பெயின்ற் வாங்கித் தந்தார். பூசினது நான். அதைக் கொப்பன் நானே சொல்லுறன், உனக்கு ஒளிக்க எனக்கு ஒண்டுமில்லை. கறள் பிடிச்சுப் பொருக்கு எழும்பின போல்ட்டுக்கு மேல பெயின்ற் பிறஸ்ஸை வச்சு அமத்தி அமத்திப் பூசினன். செய்யிறது பிழை எண்டு தெரிஞ்சுதான் பூசினன். நாலு நாள் கழிச்சு நீ லீவில வந்து இறங்கினாய், முதலாளி வீட்டில உனக்கு விருந்து, எடித்துக்கும் அவரின்ர தங்கச்சியின்ர பெடியனுக்கும் கலியாணப் பேச்சு எடுத்தினம், அடுத்த நாள் நீ வெள்ளைச் சேட்டோட பக்டரிக்கு வந்து நிண்டு பிளாஞ்சை விரலால தட்டிப் பாத்தாய். ஒரு நட்டைக் கழட்டிப் பாத்தனீயோ? ஒரு ஸ்பானர் தாங்கோ அப்பா எண்டு கேட்டனீயோ? இன்னும் மூண்டு வருஷம் தாங்கும் எண்டு இங்கிலிசில எழுதிக் கையெழுத்து வச்சாய். நான் பக்கத்தில பாத்துக்கொண்டு நிண்டன். குவைத்தில இப்பிடிச் செய்தா உன்னை அடுத்த பிளேனில ஏத்தி விட்டிருப்பாங்கள். எங்கட ஊர்தானே, எங்கட சனம்தானே, போதும் எண்டு நினைச்சாயாக்கும்.

திருநாள் முடிஞ்சு மூண்டாம் கிழமை, காலமை பத்து மணி இருக்கும், அமோனியா மணம் கூடுது எண்டு வின்சன்ட் நட்டை இறுக்கப் போனான். ஒரு போல்ட் பட்டெண்டு முறிஞ்சு, அமோனியா பீறி அவன்ர முகத்தில அடிச்சுது. நான் அவனைத் தோளில பிடிச்சு இழுத்து நல்ல தண்ணித் தொட்டிக்குள்ள தலையை அமத்தினன். அவன் கத்தின கத்து இன்னும் என்ர காதுக்குள்ள கிடக்கு. இப்ப முதலாளி என்ன சொல்லுறார் தெரியுமோ? வின்சன்ட் ஸ்பானரில பைப் துண்டைக் கொழுவி அளவுக்கு மிஞ்சி இறுக்கினானாம், அதாலதான் முறிஞ்சதாம். பெஞ்சாதியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, பேதுரு நீயும் அப்பிடியே சொல்லு, உன்ர மகனின்ர கடதாசி இருக்கு, ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம், நாளைக்கு நாங்கள் சம்பந்திமார் எண்டார். கண்ணைப் பறிச்ச ஆக்கள் பழியையும் அவன்ர தலையில போடுவினமாம். அதுக்கு நான் சாட்சியாம்.

விசாரணை இந்த மாதம் இருவத்தெட்டாந் திகதி, அரசாங்கத்தின்ர தொழில் கந்தோரில. முறிஞ்ச போல்ட்டையும் அந்தப் பிளாஞ்சையும் நான் உரச்சாக்கில கட்டி வீட்டில வச்சிருக்கிறன். சுரண்டிப் பாத்தன், பெயின்ற் பொருக்கு என்ர நகத் தடிப்பு, உள்ள போல்ட் பென்சில் அளவு. அதை மேசையில வச்சு, பூசினது நான், கழட்டாமல் கையெழுத்து வச்சது என்ர மகன், சொல்லியும் மாத்தாதது முதலாளி எண்டு சொல்லுவன். எனக்கு வேலை போகும். எடித்துக்கு அந்தப் பெடியனைப் பிடிச்சிருக்கு, அதுவும் எனக்குத் தெரியும், என்ர பிள்ளையின்ர வாழ்வில நானே மண்ணைப் போடுறன் எண்டு அம்மா தலையில அடிச்சு அழுறா. அழட்டும். லூசியாவும் அழுறாள்தானே. நீயே கந்தோருக்கு உண்மையை எழுதினா என்ர வாயால உன்ர பேர் வரத் தேவையில்லை. இந்தக் கடிதம் கிடைச்ச அண்டைக்கே எழுதித் தபாலில போட்டாத்தான் அந்தத் திகதிக்கு முன்னம் வரும்.

வெயிலுக்குள்ள தொப்பி இல்லாமல் நிக்காதை. அங்க பூசை இல்லாட்டியும் படுக்கைக்குப் போக முன்னம் செபமாலை சொல்லு. கோவத்தில எழுதினாலும் நீ என்ர பிள்ளை, ஆண்டவர் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும், நல்ல புத்தியையும் தரட்டும்.

நேற்றுப் பின்னேரம் வின்சன்டிட்டப் போனனான். பெயின்ற் பூசி மறைச்சது நான்தான் எண்டு சொல்லத்தான் போனனான். நான் வாய் திறக்க முன்னம் அவன், எமிலின்ர கடிதம் வந்ததோ, பெடியன் சுகமோ எண்டு கேட்டான். பிறகு சொன்னான், அண்ணை, மற்ற நேரமெண்டா நான் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அதில கை வைக்கிறனான், எமில் பாத்து நல்லா இருக்கு எண்டு எழுதினவன்தானே எண்டுதான் அண்டைக்குப் போடாமல் கிட்டப் போனனான் எண்டு. உன்னைக் குறையாச் சொல்லேல்ல. தான் சுகம் கேட்டதா எழுதச் சொன்னான். எழுதிப்போட்டன்.

உன் அப்பா,
பேதுரு