சர்க்கரைப் பொங்கலில் ஏது காரம், அப்பா?

பந்தியில் முதல் இலைக்குரிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது கோபத்தில் எழுதுகிறேன். பாதி என் மேல், மீதி உங்கள் மேல்.

வியாபாரத்துக்குக் குறைவில்லை. பட்டுக்கோட்டைக்கு வெறுங்கையோடு வந்து தேங்காய் உரித்தவன், இன்றைக்குச் சொந்தக் களத்தில் கொப்பரை காயப்போடுகிறேன். ஒரு காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவேன். பெற்ற பிள்ளை விஷயத்தில்தான் கோட்டைவிட்டேன்.

உங்கள் பேத்தி கயல்விழிக்கு இப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. போன வருஷத்திலிருந்து பள்ளிவிட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். ருசிக்காக இல்லை. ஒரு பாக்கெட் ரொட்டி முழுசாக, டப்பா முறுக்கு, மதியச் சோறு குண்டானோடு. வயிறு வலிக்கிறவரை சாப்பிட்டுவிட்டு அழுவாள். “நிறுத்தணும்னுதாம்மா நினைக்கிறேன், கை நிக்கமாட்டேங்குது” என்று அம்மா மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறாள். மல்லிகா என்னிடம் சொன்னாள். “அதென்ன, நிறுத்தத் தெரியாத கை?” என்று கேட்டேன் நான்.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளைக் களத்துக்கு அழைத்துவந்து, மூட்டை போடுகிற எடை மிஷினில் ஏற்றினேன். சுமை தூக்கும் கோவிந்தன், மூட்டைக்குக் கூவுகிற அதே ராகத்தில், “எழுவத்திரெண்டேய்!” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கயலும் சிரித்தாள். அவளே சிரிக்கிறாளே, இதில் என்ன தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் காலையில் சாப்பிடுவதை விட்டாள். மதிய டிபனைச் சிநேகிதிகளுக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். சாயங்காலம் முன்னைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டாள். சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் இடுப்பில்.

பூட்டுப் போட்ட இரண்டாவது வாரம், பள்ளியிலிருந்து நேரே களத்துக்கு வந்திருக்கிறாள். நான் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை போட்டு வைத்திருந்த கொப்பரையை, குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றிருக்கிறாள். எண்ணெய்க்குப் போகிற சரக்கு அப்பா அது, மாடு முகராது. வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, தஞ்சாவூரில் ஒரு மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

அக்காவிடம் சொன்னேன். “சோறு தின்றதுக்கு யாராவது வைத்தியம் பாப்பாங்களாடா? பொம்பளப் பிள்ள, நாலு பேருக்குத் தெரிஞ்சா யாரு கட்டுவா?” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

டாக்டரம்மா கயலிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “சார், அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?” என்றார்.

“என்கிட்டதாங்க.”

“இன்னைக்கே பூட்டைக் கழட்டிடுங்க. எடை பாக்கறதும் வேண்டாம். தேவைன்னா நாங்க பாத்துக்கறோம்.”

“அப்ப எப்படிங்க கட்டுப்படுத்துறது?”

“நீங்க கட்டுப்படுத்தினதாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. இது பேராசையும் இல்ல, திமிரும் இல்ல. பகலெல்லாம் பட்டினி போட்டா உடம்பு சாயங்காலம் பழி வாங்கும். கூடவே மனசுல இருக்கற பயம், அவமானம். மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பிடணும். நடுவுல ரெண்டு தடவை சிற்றுண்டி. ஒருநாள் மீறிட்டாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டை நிறுத்தக்கூடாது. கை மீறிப் போறதுக்கு முன்னாடி மனசு எப்படி இருந்துச்சுன்னு அவ ஒரு நோட்டுல எழுதுவா. அதை நீங்க பிரிச்சுப் பாக்கக்கூடாது.”

“எத்தனை நாள்ல சரியாகும்?”

“தேதி சொல்ல முடியாது. வாரா வாரம் வாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காங்கேயத்து எண்ணெய் மில்லுக்கு லோடு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்லி அனுப்புகிறவன் நான். இவர் தேதியே இல்லை என்கிறார்.

எழுந்திருக்கும்போது கேட்டார். “உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?”

“இல்லைங்க. எங்கப்பா நல்லாச் சாப்பிடுவார். ஒரே பந்தியில அறுபது இட்லி. ஊரே கைதட்டும்” என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கயல் என்னையே பார்த்தாள்.

திரும்பும்போது ஒரத்தநாடு தாண்டி, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். “தாத்தா சாப்பிட்டா கைதட்டினாங்க. நான் சாப்பிட்டா மட்டும் எதுக்குப்பா எடை மிஷின்?”

அப்போதுதான் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள், நான் யாரிடமும் சொல்லாத கோலத்தில்.

எனக்கு அப்போது பதினோரு வயது. கோயில் அன்னதானத்தில் பந்தயம் கட்டிச் சாப்பிட்டு ஜெயித்த அன்றைக்குப் பிற்பகல். வைக்கோல் போருக்குப் பின்னால் மிச்சப் பொங்கலிருந்த அண்டாவோடு உட்கார்ந்திருந்தீர்கள். கை அள்ளி அள்ளி வாயில் போட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “ஏம்ப்பா அழுறீங்க?” என்றேன். “போடா அந்தாண்ட. காரம்” என்றீர்கள்.

சர்க்கரைப் பொங்கலில் ஏது காரம், அப்பா?

ஏன் சொல்லாமல் போனீர்கள்? யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. கைதட்டுகிறவர்களிடமா? சர்க்கரை வியாதியில் காலை எடுத்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, “கொஞ்சம் வாயைக் கட்டக்கூடாதா?” என்று அதட்டினேனே, அந்த மகனிடமா? நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கட்ட நினைத்தும் முடியாமல்தான் திரும்பினீர்களா?

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம், கயலை வைத்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன்.

“தாத்தா அழுதாங்களா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“நீங்க என்ன பண்ணினீங்க?”

“ஓடிட்டேன்.”

என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தேங்காய் நாரை அவள் எடுத்துப் போட்டாள்.

பூட்டைக் கழற்றியாயிற்று. காலைச் சாப்பாட்டுக்கு நானும் அவளோடு உட்காருகிறேன். ஒன்பது நாள் ஒழுங்காகப் போயிற்று. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. லோடு ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “அப்பா, முடியல. வர்றீங்களா?” கோவிந்தன், “முதலாளி, எண்ணிக்கை?” என்று கத்தினான். “நீயே பாத்துக்க” என்று வண்டியை எடுத்தேன்.

கதவு திறந்திருந்தது. தரையில் ரொட்டி பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, தின்பதை நிறுத்தவும் இல்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். பிடுங்கிவிடக் கை துடித்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு முக்கால் பாக்கெட் போயிற்று. மிச்சம் இருந்த நாலு துண்டை அவளே சுற்றி வைத்தாள். நாளைக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அப்பா எனக்கு வராத தொழில்.

அடுத்த மாதம் உங்கள் திதி. சொந்தக்காரர்கள் வழக்கம்போல அறுபது இட்லிக் கதையைக் கேட்பார்கள். இந்த வருஷம் சர்க்கரைப் பொங்கல் கதையைச் சொல்லப்போகிறேன், அக்கா முறைத்தாலும் சரி. கயலிடம் கேட்டேன். “சொல்லுங்கப்பா. தாத்தாவும் நானும் ஒரு கட்சி” என்றாள்.

அவள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் போய் உட்காருவேன். இனிமேல் ஓடமாட்டேன் அப்பா.

வைக்கோல் போரடியில் உங்களைத் தனியாக விட்டுப்போன
உங்கள் இளைய மகன்