பத்துக்கு எட்டு வாங்கிய விண்ணப்பம்

அனுப்புநர்
தே. சின்னப்பராஜ், பி.ஏ., பி.டி.,
ஆங்கிலத் துறைப் பொறுப்பாசிரியர்,
ஞானாதிக்கம் நினைவு உயர்நிலைப் பள்ளி,
சேரப்பணஞ்சேரி அஞ்சல், ஒரகடம் வழி.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்.

பொருள்: பதினோராம் வகுப்பு மாணவி கோ. கங்கா – பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் – மீண்டும் சேர்த்து எஸ்.எஸ்.எல்.சி. தேர்வெழுத அனுமதி வேண்டுதல் – மற்றும் மனுதாரர் தம் மீதே தரும் புகார் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பள்ளி ஆய்வு, நாள் 27.11.1973.
2. ஆங்கிலத் துறைக்குத் தங்கள் பாராட்டுக் கடிதம், நாள் 4.1.1974.
3. மாணவி கோ. கங்கா தங்களுக்கு எழுதிய கடிதம், நாள் 12.11.1973.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

பார்வை மூன்றில் கண்ட கடிதம் அலுவலகத்துக்கு வந்து சேரவே இல்லை என்று தங்கள் எழுத்தர் கூறக்கூடும். அவர் கூறுவது சரிதான். ஆயினும் அக்கடிதத்தின் அடியில் தங்கள் கையெழுத்து இருக்கிறது. அது எப்படி நேர்ந்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். மனு சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் பள்ளியில் ஆங்கிலத் துறை என்பது நாங்கள் நால்வர். நானும், உதவி ஆசிரியை திருமதி அன்னபுஷ்பமும், இன்னும் இருவரும். பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுரை நோட்டு. ஆண்டுக்குப் பன்னிரண்டு பயிற்சிகள் எழுதித் திருத்தப்பட்டிருக்க வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக இத்துறை என் பொறுப்பில் உள்ளது. ஒரு நோட்டுகூட என் துறையில் திருத்தாமல் கிடந்ததில்லை என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டவன் நான். படித்துத் திருத்தினாயா என்று என்னை எவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

2. கடிதப் பயிற்சியைத் திருத்துவதற்கென்று ஒரு முறையை நானே வகுத்திருந்தேன். முகவரி, தேதி, விளிப்பு, முடிப்பு, கையொப்பம், எழுத்தின் அழகு ஆகியவற்றுக்கு மதிப்பெண். நடுவில் வரும் விஷயத்தை நானே கரும்பலகையில் எழுதிப் போடுவதால் வகுப்பின் நாற்பத்தாறு நோட்டுகளிலும் ஒரே விஷயம்தான் இருக்கும். எனவே மேலும் கீழும் பார்த்தால் போதும், நடுவில் பார்க்க ஒன்றுமில்லை என்று உடன் பணிபுரிவோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். கடிதத்துக்கு எட்டுக்கு மேல் யாருக்கும் போடக்கூடாது என்பதும் என் கட்டளை. பத்துப் போட்டால் பிள்ளைகளுக்குத் தலைக்கனம் ஏறும் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே குறிப்பிடுகிறேன்.

3. சென்ற நவம்பர் 12 ஆம் நாள் பதினோராம் வகுப்புக்கு நான் கொடுத்த பயிற்சி, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டிக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதுவது. தங்கள் ஆய்வு வரவிருந்ததால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அலுவலர் அவர்களே வந்து நோட்டுகளைப் பார்ப்பார் என்றும் வகுப்பில் சொன்னேன். ஒழுங்காக எழுதட்டும் என்பதற்காகச் சொன்னது அது. நாற்பத்தைந்து பேர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

4. ஆய்வுக்கு முந்தைய நாள் பிற்பகல், வகுப்புகளை விளையாட அனுப்பிவிட்டு நாங்கள் நால்வரும் அறிவியல் அறை மேசையில் உட்கார்ந்தோம். ஒருவர் நோட்டைப் புரட்டிக் கொடுக்க, ஒருவர் சிவப்பு மையில் கோடு போட, ஒருவர் மதிப்பெண் எழுத, நான் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முடிந்தவற்றை அந்தந்தப் பக்கத்திலேயே விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். ஆய்வுக்கு வரும் அலுவலர் பக்கத்தைத் தேட வேண்டியதில்லை. பச்சை மையில் கையெழுத்திட்டுக்கொண்டே போகலாம். இது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம்தான். மறுநாள் தாங்கள் கையெழுத்திட்டீர்கள். தங்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. விரித்து வைத்துக் கொடுத்தவன் நான். இம்மனுவைப் படித்துப் பார்த்த எங்கள் தலைமையாசிரியர் இப்பத்தியை அடித்துவிடும்படி அன்போடு சொன்னார். அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அவர் வழியாக அனுப்பாமல் நேரே அனுப்புகிறேன்.

5. சனவரி 4 ஆம் நாள் தங்கள் பாராட்டுக் கடிதம் வந்தது. நோட்டுத் திருத்தத்தில் எங்கள் துறை மற்ற பள்ளிகளுக்கு எடுத்துக்காட்டாக இருப்பதாகவும், மாதிரிக்கு இரண்டு நோட்டுகளை 25 ஆம் நாளுக்குள் அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். அதைத் தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் வாசித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

சனவரி 18 ஆம் நாள் நோட்டுகளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். பதினோராம் வகுப்பில் கையெழுத்து அழகாக உள்ளவள் கங்கா. அவள் டிசம்பர் 15 முதல் பள்ளிக்கு வரவில்லை. நோட்டு மட்டும் அலமாரியில் இருந்தது. தொடர்ந்து வராததால் அதற்கு முந்தைய நாள்தான், வகுப்பாசிரியன் என்ற முறையில், அவள் பெயரைப் பதிவேட்டில் சிவப்புக் கோடிட்டு நீக்கியிருந்தேன். செங்கல் சூளை வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு என்பதால் அதைப் பற்றிப் பெரிதாக எண்ணவில்லை. மாதிரிக்கு அனுப்புவதாயிற்றே என்று அவளுடைய மைதானக் கடிதத்தை முதல் முறையாக நடுவிலும் படித்தேன்.

6. மாணவி ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழாக்கம் வருமாறு:

“நான் பதினோராம் வகுப்பில் படிக்கிறேன். எனக்கு அம்மா இல்லை. எங்கள் ஏரியில் இந்த வருடம் தண்ணீர் இல்லை. அப்பா டிசம்பர் ஐந்தாம் தேதி செங்கல் சூளை வேலைக்குப் போகிறார். என்னைத் தனியாக வீட்டில் விட்டுப் போக அவருக்குப் பயம். ஸ்ரீபெரும்புதூர் மாணவியர் விடுதியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. தாங்கள் ஓர் உத்தரவு எழுதினால் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். நான் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெறுவேன். விளையாட்டு மைதானம் எங்களுக்கு அடுத்த வருடம் கொடுத்தால் போதும்.”

இதன் ஓரத்தில் எங்கள் சிவப்புக் கோடு உள்ளது. கீழே ‘நன்று’ என்ற குறிப்பும் பத்துக்கு எட்டும் என் கையெழுத்தும் உள்ளன. அதற்கும் கீழே தங்கள் பச்சைக் கையெழுத்து. ஐயா, அந்தப் பக்கத்தை மூடி வைக்கவும் முடியாமல், திறந்து வைத்துப் பார்க்கவும் முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பதினான்கு ஆண்டு வேலை என்ன என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

7. மறுநாள் அவளுடன் ஒரே பெஞ்சில் உட்காரும் மாணவி மீனம்மாளை அழைத்து விசாரித்தேன். ஆய்வு முடிந்து நோட்டு கைக்கு வந்ததும் கங்கா அந்தப் பச்சைக் கையெழுத்தை அவளிடம் காட்டியிருக்கிறாள். எங்கள் பக்கத்து ஊர்களில் மனுவின்மேல் பச்சை மை விழுந்துவிட்டால் காரியம் முடிந்தது என்றுதான் அர்த்தம். பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்த பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அலுவலர் தன் விண்ணப்பத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார், இனி உத்தரவு தபாலில் வரும் என்று அவள் நம்பினாள். பெரிய அதிகாரியிடம் போய்விட்ட விஷயத்தைச் சின்னப்பராஜ் சாரிடம் வேறு சொல்வது மரியாதை இல்லை என்று கருதினாளாம்.

நவம்பர் கடைசி முதல் தினமும் பதினோரு மணிக்குத் தபால் வரும் வேளையில் அவள் அலுவலக வாசலில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இடைவேளையில் இங்கே என்ன வேலை, ஓடு என்று ஒருநாள் அதட்டியும் இருக்கிறேன். ஓடிவிட்டாள். மறுநாளும் வந்து, என் கண்ணில் படாதபடி தூணுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அதையும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

8. அன்று மாலையே விடுதிக்குச் சென்று காப்பாளர் திருமதி சூசையம்மாளைக் கண்டேன். அந்த இடம் டிசம்பர் 20 ஆம் நாள் வரை காலியாகத்தான் இருந்தது என்றும், பிறகு வேறொரு பெண் சேர்ந்துவிட்டாள் என்றும் பதிவேட்டைக் காட்டினார். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றே சேர்த்திருப்பேனே சார் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

9. சனவரி 20, ஞாயிறு. செங்குன்றம் தாண்டியுள்ள ஒரு சூளைக்குப் போய்ச் சேர்ந்தேன். தந்தை கோதண்டம் என்னைக் கண்டதும் கைமண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். பெண்ணை வேலைக்கு இழுத்துப் போன தகப்பன் என்று எண்ணிக்கொண்டு போன எனக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஆபீசர் கையெழுத்து போட்டுட்டாரு, ஆர்டர் வந்துரும்னு சொல்லிகினே இருந்துச்சு சார். அதுக்கோசரம் நானும் பத்து நாளு தள்ளிப் போட்டேன். அதுக்கு மேல முடியல.” அந்தப் பத்து நாளில் அரையாண்டுத் தேர்வின் ஆங்கிலத் தாள்கள் இரண்டையும் அவள் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறாள். இரண்டிலும் அவளே வகுப்பில் முதல்.

கங்கா இன்னும் சுடாத பச்சைக் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்று, வணக்கம் சொல்லி, அழாமல் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இம்மனுவை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

“சார், அந்த லெட்டர்ல ரெண்டு மார்க்கு இன்னாத்துக்கு சார் கொறச்சீங்க? அந்தத் தப்பாலதான் ஆர்டர் வரலியா?”

ஒரு மாதத்துக்கு மேலாக அந்தப் பெண் தன் கடிதத்தில் பிழை தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். முகவரியை மனத்துக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாளாம். விளிப்பு தவறா, மைதானத்தைப் பற்றி எழுதியது தவறா என்று என்னைக் கேட்டாள். பிழை ஒன்றும் இல்லை, எட்டுக்கு மேல் போடுவதில்லை என்பது என் வழக்கம், அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் உத்தரவு ஏன் வரவில்லை என்று அடுத்துக் கேட்பாள். நான் படிக்கவில்லை அம்மா என்று கடைசியில் சொன்னேன். அவள், பரவாயில்ல சார் என்றாள். நாற்பத்தொன்பது வயதில், அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில், நான் அழுதுவிட்டேன்.

10. தேர்வெழுதுவோர் பெயர்ப் பட்டியல் சனவரி 31 ஆம் நாள் முடிகிறது. இன்னும் எட்டு நாட்கள் உள்ளன. பதிவேட்டில் நீக்கிய பெயரைத் தங்கள் உத்தரவு இல்லாமல் மீண்டும் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே பணிந்து வேண்டுவன:

அ. மாணவி கோ. கங்காவின் வருகைக் குறைவை மன்னித்து, பெயரை மீண்டும் பதிவேட்டில் சேர்க்கவும் தேர்வுப் பட்டியலில் எழுதவும் உத்தரவிட வேண்டும். விடுதியில் இடம் இல்லாததால் தேர்வு முடியும் வரை திருமதி அன்னபுஷ்பம் தம் வீட்டில் அவளை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டுள்ளார். தந்தையும் சம்மதித்துள்ளார். இனி எதிர்பார்ப்பது தங்கள் ஒரு வரியை மட்டுமே.

ஆ. பார்வை இரண்டில் கண்ட பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். கடமை தவறியதற்கு என் மீது எடுக்கும் நடவடிக்கைக்கு நான் மறுப்பு எதுவும் சொல்லமாட்டேன். மற்ற மூவரும் நான் சொன்னபடி செய்தவர்கள்.

மாதிரிக்குத் தாங்கள் கேட்ட நோட்டுகளில் ஒன்றாகக் கங்காவின் நோட்டையே அனுப்புகிறேன். பக்கத்தை இம்முறை விரித்து வைக்கவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தைத் தாங்களே திறந்து, கையெழுத்துக்கு மேலே உள்ள ஒன்பது வரிகளைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சூளையிலிருந்து புறப்படும்போது, தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதித் தரும்படி அவளிடம் கேட்டேன். செங்கல் அடுக்கின்மேல் தாளை வைத்து எழுதினாள். எழுதி முடித்ததும் என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் காட்டி, “தப்பு இருந்தா இப்பவே திருத்திக் குடுத்துடுங்க சார்” என்றாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை படித்தேன். பேனாவை எடுக்கவில்லை. அவள் எழுதியது எழுதியபடி தங்கள் பார்வைக்கு வருகிறது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கித் தினமும் பதினோரு மணிக்கு அலுவலக வாசலில் நிற்கும்,

தங்கள் கீழ்ப்பணியாளன்,
தே. சின்னப்பராஜ்

இடம்: சேரப்பணஞ்சேரி
நாள்: 23.1.1974

இணைப்பு:
1. கோ. கங்காவின் ஆங்கிலக் கட்டுரை நோட்டு, திருத்தப்பட்டது.
2. கோ. கங்கா 20.1.1974 அன்று எழுதிய விண்ணப்பம், படிக்கப்பட்டது.