குமிழின் கடைசிக் கால் பங்கு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. இடி இல்லை, நல்ல வேளை. திருவிழாக் காலம் முடிந்தது, மைக் செட் சாமான் எல்லாம் தார்ப்பாய்க்குள். சிந்தசைசர், அதாவது மின்சாரத்தில் இசைச் சத்தம் எழுப்பும் பெட்டி, செய்கிற வேலைக்கு இதைவிட்டால் நேரம் கிடையாது.

சத்தத்தைப் பிறப்பிக்கிற பெட்டி, ஆசிலேட்டர், முடிந்தது. குமிழைத் திருகத் திருக சுருதி ஏறுகிறது. அடியில் பஸ் உறுமல், நடுவில் நாதஸ்வரச் சாயல். வெகு சந்தோஷம். ஆனால் முக்கால் திருகலுக்கு மேல் சத்தமே இல்லை.

நெட்டில் ஒரு புண்ணியவான் இலவசமாகப் போட்ட சர்க்யூட் படம். யாரும் செய்யலாம், தப்பு கண்டால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். சொல்லிவிட்டேன், கொஞ்சம் காட்டமாகவே: உன் படம் தப்பு.

ஜூன் 5, வியாழன்

ஐ.சி. மாற்றினேன். கெப்பாசிட்டர் இரண்டு. ஸ்பீக்கரும். அதே கதை. மீட்டரில் வோல்டேஜ் காட்டுகிறது, சத்தம் மட்டும் இல்லை. எரிச்சல்.

குமிழைக் கடைசிவரை திருகி வைத்துவிட்டுச் சாயா குடித்தேன். மேசைக்கடியில் கிடந்த பூனை எழுந்து மழையில் இறங்கிப் போனது. பிறகு என் மனைவி லதா மாவுக் கையோடு வந்தாள்.

“அந்தக் கீச்சுச் சத்தத்த ஒண்ணு நிப்பாட்டுங்க. தல வலிக்கு.”

“எந்தச் சத்தம்?”

என்னையே பார்த்தாள். ஸ்விட்சை அணைத்தேன்.

“ஆங், இப்ப நிண்ணுட்டு.”

ஜூன் 6, வெள்ளி

வெயில். பெட்டியைத் தொடவில்லை.

இருபத்திரண்டு வருஷம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். போன திருவிழாவில் வின்சென்ட், கூட வயர் இழுக்கிறவன், சொன்னான்: “மக்கா, என்னத்துக்குலே இவ்வளவு ட்ரெபிள்? பல்லு கூசுது.” உன் காதில்தான் கோளாறு என்று சிரித்தேன். மேல் சத்தம் எனக்குக் கேட்காததால் மைக் செட்டின் ட்ரெபிள் குமிழை ஏற்றியே வைத்திருக்கிறேன். எத்தனை கல்யாண வீட்டில் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்களோ. இந்த வருஷம் இரண்டு கோயில்காரர்கள் வேறு ஆளைப் பிடித்தது இதனால்தானா?

பயமாக இருக்கிறது. காதை விட்டால் எனக்கு வேறு முதல் இல்லை. லதாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சர்க்யூட்காரனுக்கு எழுதியாயிற்று: படம் சரி, கோளாறு என் காதில், மன்னிக்கணும். நாலு தடவை அழித்து அழித்து எழுதினேன்.

இனி:
காது டாக்டர், நாகர்கோவில், நாளை.
கழற்றின ஐ.சி. பத்திரம். நல்லதுதான்.
14ஆம் தேதி அருமனையில் கல்யாணம். ட்ரெபிள் லதா சொல்கிறபடி. அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

இரவில் சேர்க்கிறேன்: மத்தியானம் சோறு உண்டபின் லதாவிடம் எல்லாம் சொன்னேன். வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்கிற வரை இருவரும் கை தூக்கி வைத்திருப்பது என்று ஏற்பாடு. குமிழை மெதுவாகத் திருகினேன். முக்காலில் என் கை இறங்கியது. அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டேன். அவள் கை இறங்கவில்லை. கடைசிவரை திருகினேன்.

“கை கடுக்கு. இறக்கட்டா?”

“கேக்குதா?”

“நல்லாக் கேக்குல்லா.”

“அப்ப இறக்காத.”